பெயர்ப்பட்டியலைத் தாண்டிப் போகாமல் இருக்க: இஸ்ரவேல் கோத்திரங்களின் வம்சவரலாற்றை வாசிக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு வருடத்தில் வேதாகமத்தை வாசித்து முடிக்க அட்டவணை போட்டு வைத்திருப்பவர்களுக்கு 1 நாளாகமம் வந்ததும் ஒரு சோர்வு தட்டும். ஒன்பது அதிகாரம், பெரும்பாலும் வெறும் பெயர்கள். நானும் பல வருடங்கள் அந்த ஒன்பது அதிகாரங்கள்மேல் கண்ணை ஓடவிட்டு, பத்தாம் அதிகாரத்தில் சவுல் சாகும் இடத்தில்தான் நிஜமாக வாசிக்கத் தொடங்குவேன். அட்டவணையில் மட்டும் தவறாமல் டிக் விழுந்துவிடும்.

வேதபாடக் கூட்டத்தில் ஒருமுறை நான்காம் அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெயர்களில் நாக்கு தடுக்கியபடி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், நடுநடுவே சின்னச்சின்னக் கதைகள் ஒளிந்திருப்பது கண்ணில் பட்டது. அதன்பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: நியாயப்படி பார்த்தால் யாருடைய பெயர் இங்கே இருந்திருக்கவே கூடாதோ, அந்தப் பெயரைத் தேடுவது. கோத்திரங்கள்மேல் தேவன் வைத்த உண்மை எப்படிப்பட்டது என்பது எனக்கு அந்தப் பெயர்களில்தான் தெரிந்தது. கீழே இருப்பது அந்தப் பழக்கத்தின் படிகள். அவசரமில்லாமல் போனால் இரண்டு வாரம் ஆகும்.

தொடங்கும் முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் ஊரில் கோத்திரம் என்றால் பலருக்குக் கல்யாணப் பொருத்தம்தான் நினைவுக்கு வரும். தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகள் வழியாக வந்த ஜனப்பிரிவுகளைக் குறிக்கிறது. பெரிய சாதி, சின்ன சாதி என்ற நினைப்போடு இந்தப் பட்டியலுக்குள் போனால் ஒன்றும் பிடிபடாது. உள்ளே எகிப்தியர், மோவாபியர், கானானியர் எல்லாரும் கலந்திருக்கிறார்கள்.

படி 1: யாருக்காக எழுதியது என்று முதலில் கேளுங்கள்

கி.மு. 722-இல் சமாரியா அசீரியர் கையில் விழுந்தது; வடக்குக் கோத்திரங்கள் சிதறின. கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமையும் ஆலயத்தையும் எரித்தார்கள். கி.மு. 538-இல் பெர்சிய ராஜா கோரேஸ் உத்தரவு கொடுத்தபின் திரும்பி வந்தவர்களின் தொகையை எஸ்றா 2:64 சொல்கிறது: 42,360 பேர். ராஜா கிடையாது, படை கிடையாது, பெர்சியப் பேரரசின் ஒரு மூலையில் சின்ன மாகாணம். நாளாகமம் இவர்கள் நடுவில் எழுதப்பட்டது. ஆபிரகாமுக்கு வாக்குக் கொடுத்தவர் இன்னும் நம்மைத் தம் ஜனம் என்றுதான் நினைக்கிறாரா என்பது அவர்களுக்கு வயிற்றைக் கலக்கிய கேள்வி.

அந்தக் காலத்தில் பட்டியல் விளையாட்டுக் காரியமும் அல்ல. எஸ்றா 2:61-63-ஐ வாசித்துப் பாருங்கள். சில ஆசாரியக் குடும்பங்கள் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாததால் ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். ஊரீம் தும்மீம் (தேவனுடைய சித்தத்தைக் கேட்டறிய ஆசாரியர் வைத்திருந்தவை) உள்ள ஒரு ஆசாரியன் எழும்பும்வரை மகா பரிசுத்தமானதைப் புசிக்கவும் அவர்களுக்கு அனுமதியில்லை. ஏட்டில் பெயர் இல்லாததால் பிழைப்பும் மரியாதையும் போன மனிதர்கள் இருந்த ஊரில்தான் இந்த ஒன்பது அதிகாரங்கள் வாசிக்கப்பட்டன.

படி 2: ஒன்பது அதிகாரங்களின் வரைபடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டில் இப்படி எழுதி வையுங்கள். முதல் அதிகாரம் ஆதாமிலிருந்து ஏதோம்வரை. 2 முதல் 4:23 வரை யூதா. அதன் நடுவே 3-ஆம் அதிகாரம் முழுவதும் தாவீதின் வீடு. 4:24 முதல் சிமியோன். 5-இல் ரூபன், காத், மனாசேயின் பாதி. 6 முழுவதும் லேவி. 7-இல் இசக்கார், பென்யமீன், நப்தலி, மனாசேயின் மறுபாதி, எப்பிராயீம், ஆசேர். 8-இல் மறுபடியும் பென்யமீன், இந்தமுறை விரிவாக. 9-இல் எருசலேமுக்குத் திரும்பி வந்தவர்கள்.

இது பிறந்த வரிசை இல்லை என்பதைக் கவனியுங்கள். யூதா தலைவாசலில், லேவி நடுவீட்டில், பென்யமீன் பின்வாசலில். ராஜவம்சமும் ஆசாரியரும் இடம்பிடித்ததில் ஆச்சரியமில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார் என்பதுதான் ஆச்சரியம். எழுதியவரின் காலத்தில் ரூபனும் காத்தும் தனி ஜனமாக இருந்த தடமே போய்விட்டது. வேலையைச் சுருக்க வேண்டுமென்றால் அவர்களை விட்டிருக்கலாம். விடவில்லை.

அப்புறம், "குமாரன்" என்ற சொல்லில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எபிரேயத்தில் அது பேரனையும், பல தலைமுறை தாண்டி வந்தவனையும் குறிக்கும். ஒரு ஊரின் "தகப்பன்" என்று வந்தால் அந்த ஊரை நிறுவியவன் அல்லது அதன் தலைவன் என்று பொருள். நடுவில் பெயர்களை விட்டுச் சொல்வதும் வழக்கம்: எஸ்றா 7:1-5-இல் உள்ள ஆசாரிய வரிசையை 1 நாளாகமம் 6:3-15-ஓடு ஒப்பிட்டால் எஸ்றாவில் ஆறு பெயர்கள் குறையும். வருடக்கணக்குப் போட கால்குலேட்டரோடு உட்காருபவர்களுக்கு இந்த நூல் ஒத்துழைக்காது.

படி 3: மூன்று பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

இதுதான் எனக்குப் பிடித்த படி. ஒரு பக்கத்தில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் ஆதியாகமம் 46: எகிப்துக்குப் போன யாக்கோபின் வீட்டார் 70 பேர். இரண்டாவதில் எண்ணாகமம் 1: சீனாயில் எண்ணப்பட்ட, யுத்தத்துக்குப் போகத்தக்க ஆண்கள் 6,03,550. மூன்றாவதில் எண்ணாகமம் 26: நாற்பது வருடத்தின் முடிவில், மோவாபின் சமவெளியில் எண்ணப்பட்ட 6,01,730.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு தலைமுறை முழுவதும் வனாந்தரத்தில் செத்துப்போனது. முதல் எண்ணிக்கையில் இருந்தவர்களில் காலேபும் யோசுவாவும் தவிர ஒருவனும் மீதியாயில்லை என்று 26:64-65 சொல்கிறது. ஆனாலும் மொத்தம் 1,820 மட்டுமே குறைந்திருக்கிறது. தண்டனை அப்படியே நிறைவேறியிருக்கிறது, வாக்குத்தத்தமும் கையில் இருக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் இந்தப் பழக்கம் எண்ணாகமத்தில் தொடங்கி நாளாகமம்வரை வருகிறது.

இப்போது கோத்திரம் கோத்திரமாகப் பாருங்கள். ஆதியாகமம் 46:21-இல் பென்யமீனுக்குப் பத்துப் பிள்ளைகள். 46:23-இல் தாணுக்கு ஒரே ஒரு பிள்ளை, ஊசிம். எண்ணாகமம் 1-இல் பென்யமீன் 35,400. தாண் 62,700, யூதாவுக்கு அடுத்த பெரிய கோத்திரம். ஒற்றைப் பிள்ளையின் வீடு! அடுத்த எண்ணிக்கையில் அது 64,400 ஆகிறது.

சிமியோன் எதிர்த்திசையில் போகிறான்: 59,300-இலிருந்து 22,200-க்கு. 37,100 பேர் குறைவு. எந்தக் கோத்திரமும் இந்த அளவுக்கு விழவில்லை. முந்தின அதிகாரத்தில், பாகால்பேயோர் என்ற மோவாபியரின் தெய்வத்தை வணங்கின காரியத்தில் 24,000 பேர் வாதையில் சாகிறார்கள். அங்கே குத்திக் கொல்லப்பட்ட சிம்ரி ஒரு சிமியோனியப் பிரபு. இரண்டையும் முடிச்சுப் போட்டு வேதம் சொல்லவில்லை. ஆனால் வாசிப்பவன் மனது முடிச்சுப் போட்டுவிடும்.

இதே 26-ஆம் அதிகாரத்தில் 33-ஆம் வசனத்தில் நில்லுங்கள். மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. ஐந்து பெண்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஆண்பிள்ளை இல்லாததால் எங்கள் தகப்பன் பேர் அற்றுப்போகலாமா என்று அவர்கள் மோசேக்கு முன்னால் வந்து கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே சொல்லி, நிலமும் கொடுத்தார். இதற்கு மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாட்சி வந்தது. 1910-இல் சமாரியாவில் அகழ்ந்தபோது மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் எண்ணெயும் திராட்சரசமும் அரண்மனைக்கு வந்த கணக்கு அவை. எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதற்கு மனாசேயின் குடும்பப் பெயர்களைக் குறித்திருக்கிறார்கள்: சேகேம், ஏலேக், அஸ்ரியேல், செமீதா. கூடவே நோவாள், ஒக்லாள். பேர் அற்றுப்போகக் கூடாது என்று கேட்ட பெண்களில் இருவரின் பெயர், பல நூற்றாண்டுகள் கழித்தும் அந்த நிலப்பகுதியின் பெயராக அரசாங்கக் கணக்கில் இருக்கிறது. நான் இதை முதலில் படித்த அன்று வேறு வேலை ஓடவில்லை.

படி 4: பட்டியல் தானாக நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள்

பெயர், பெயர், பெயர் என்று போய்க்கொண்டிருந்து திடீரென்று ஒரு வாக்கியம் வரும். பென்சிலால் கோடிடுங்கள். யாபேசின் ஜெபத்தைப் (1 நாளாகமம் 4:9-10) பற்றிப் பிரசங்கங்கள் போதுமான அளவு வந்துவிட்டன, அதை விடுகிறேன். பிரசங்க மேடை ஏறாத சிலவற்றைச் சொல்கிறேன்.

2:34-41. யூதா கோத்திரத்துச் சேசானுக்கு மகன்கள் இல்லை. யர்கா என்று ஒரு எகிப்திய வேலைக்காரன் வீட்டில் இருந்தான். தன் மகளை அவனுக்கே கொடுத்தான். அந்த வழியில் பதின்மூன்று தலைமுறைப் பெயர்கள், எலிசாமாவரைக்கும். அடிமைத்தன வீடு என்று இஸ்ரவேலர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்ட எகிப்திலிருந்து வந்த ஒருவன், யூதாவின் பட்டியலில் ஒரு கிளைக்கே மூலம்.

4:18. பார்வோனின் குமாரத்தி பித்தியாள், மேரேத்தின் மனைவி. ஒரு வரிதான்.

காலேப். அவன் தகப்பன் எப்புன்னே ஒரு கேனாசியன் என்று எண்ணாகமம் 32:12 சொல்கிறது. ஆபிரகாமுக்கு வாக்களிக்கப்பட்ட நாட்டில் முன்பே இருந்த ஜனங்களின் பட்டியலில் கேனாசியரும் உண்டு (ஆதியாகமம் 15:19). அப்படிப்பட்டவன் யூதாவின் பிரபுவாக வேவு பார்க்கப் போகிறான். 1 நாளாகமம் 4:15-இல் யூதாவின் வம்சத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

7:20-24. எப்பிராயீமின் பிள்ளைகள் காத் என்ற பெலிஸ்திய ஊராரின் ஆடுமாடுகளைப் பிடிக்கப் போய்க் கொல்லப்படுகிறார்கள். தகப்பன் அநேக நாள் துக்கங்கொண்டாடுகிறான், சகோதரர் வந்து ஆறுதல் சொல்கிறார்கள். பிறகு பிறந்த மகனுக்கு பெரீயா என்று பெயர்: வீட்டில் தீங்கு வந்த காலத்தில் பிறந்தவன். அந்த வம்சத்துப் பெண் ஒருத்திதான் கீழ் பெத்தொரோனையும் மேல் பெத்தொரோனையும் கட்டினவள். பெரீயாவின் சந்ததியைப் பின்தொடர்ந்தால் 27-ஆம் வசனத்தில் யோசுவா வருகிறான். சாவு வீட்டிலிருந்து நேராக, கானானுக்குள் ஜனத்தை நடத்தினவன்வரை.

படி 5: சபிக்கப்பட்ட கோத்திரத்தை முடிவுவரை பின்தொடருங்கள்

ஆதியாகமம் 49:5-7-இல் சாகும் தறுவாயில் யாக்கோபு சிமியோனையும் லேவியையும் சேர்த்துக் கடிந்துகொள்கிறான். சீகேமில் செய்த கொலைக்காக, இருவரையும் இஸ்ரவேலில் சிதறப்பண்ணுவேன் என்கிறான். இரண்டு பேருக்கும் அதுவே நடந்தது. நடந்த விதம்தான் வேறு.

லேவி சிதறினான்: தனிப் பங்கு இல்லாமல், நாடெங்கும் 48 பட்டணங்களில். ஆனால் அந்தச் சிதறல்தான் ஒவ்வொரு கோத்திரத்தின் நடுவிலும் வேதம் போதிக்க ஆள் இருக்கும்படி செய்தது. 1 நாளாகமம் 6-ஆம் அதிகாரத்தின் பின்பாதி அந்த ஊர்களின் பட்டியல், சலிப்பாகத்தான் இருக்கும். பெயர்களை விட்டாலும் பரவாயில்லை, எந்தக் கோத்திரத்தின் எல்லையில் என்பதை மட்டும் பாருங்கள்.

அதே அதிகாரத்துக்குள் இன்னொரு சாபத்தின் கதையும் இருக்கிறது. ஆசாரியப் பட்டத்துக்கு ஆசைப்பட்டு மோசேக்கு எதிராக எழும்பின கோராகைப் பூமி விழுங்கியது. எண்ணாகமம் 26:11 ஒரே வரியில் சொல்கிறது: "கோராகின் குமாரரோ சாகவில்லை." அந்த வரி எதற்கு என்று 1 நாளாகமம் 6:33-38-க்கு வரும்வரை தெரியாது. தாவீது ஆலயச் சங்கீதத்துக்கு வைத்த ஏமான் யோவேலின் மகன், சாமுவேலின் பேரன்; மேலே மேலே ஏறிப் போனால் கோராகு. 9:19-இல் கோராகியர் வாசல்காவலர். இதற்குப் பிறகு, கோராகின் புத்திரரின் சங்கீதமான 84-ஐ எடுத்து, பத்தாம் வசனத்தை வாசியுங்கள். "ஆயிரம் நாளைப்பார்க்கிலும் உமது பிராகாரங்களில் செல்லும் ஒரேநாள் நல்லது" என்று சொல்லிவிட்டு, என் தேவனுடைய ஆலயத்தின் வாசற்படியில் இருப்பதே போதும் என்கிறார்கள். கொள்ளுத்தாத்தா உள்ளே போக ஆசைப்பட்டுச் செத்தார். பேரன்மார் வாசற்படியில் நின்று பாடுகிறார்கள்.

சிமியோன் யூதாவின் நிலத்துக்குள் பங்கு வாங்கிக் கரைந்துபோனவன் (யோசுவா 19). யூதாவைப் போல அவர்கள் பெருகவில்லை என்று 1 நாளாகமம் 4:27 ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் 4:34-43-ஐ வாசியுங்கள். எசேக்கியா ராஜாவின் நாட்களில்கூட மேய்ச்சல் தேடிப் போகிறார்கள், 500 பேர் சேயீர் மலைக்குப் போகிறார்கள். கரைந்துபோனவர்களின் முகவரியைக்கூட எழுதி வைத்திருக்கிறார்.

பென்யமீனைச் சொல்லாமல் விட முடியாது. நியாயாதிபதிகள் 20-இல் உள்நாட்டு யுத்தம் முடிந்தபோது ரிம்மோன் கன்மலையில் ஒளிந்த 600 ஆண்கள்தான் மிச்சம். அந்தக் கோத்திரத்துக்கு நாளாகமம் இரண்டு பட்டியல் கொடுக்கிறது. அதிலும் சவுல்! கர்த்தர் தள்ளிவிட்ட ராஜா. தாவீதைக் கொண்டாடும் இந்தப் புத்தகத்தில் அவன் வம்சம் எதற்கு? ஆனால் 8:33-40 யோனத்தானின் மகன் மேரிபால் (கால் முடமான மேவிபோசேத்துதான்) வழியாகப் பத்துத் தலைமுறைக்கு மேல் போகிறது. கடைசியில் ஊலாமின் பிள்ளைகளும் பேரன்மாரும் 150 பேர், வில்வீரர். பட்டம் போனது, பெயர் போகவில்லை. என் வீட்டாரின்மேல் உள்ள தயவை நீக்கிப்போடாதிரும் என்று 1 சாமுவேல் 20-இல் யோனத்தான் கேட்டதை நினைத்துக்கொண்டு இந்த எட்டு வசனங்களை வாசித்தால் தொண்டை அடைக்கும்.

படி 6: கசப்பான குறிப்புகளைத் தாண்டாதீர்கள்

ரூபன் மூத்தவன், ஆனால் தகப்பனின் மஞ்சத்தைத் தீட்டுப்படுத்தியதால் சேஷ்டபுத்திர பாகம் யோசேப்பின் பிள்ளைகளுக்குப் போனது என்று 1 நாளாகமம் 5:1 பச்சையாகச் சொல்கிறது. 5:25-26-இல் யோர்தானுக்கு அப்பால் இருந்த இரண்டரைக் கோத்திரமும் அந்நிய தேவர்களைப் பின்பற்றியதால் அசீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்டதும் இருக்கிறது. தேவன் உண்மையுள்ளவர் என்பதால் எல்லாம் நல்லபடியாக முடியும் என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த அதிகாரம் இடம் கொடுக்காது.

அதேசமயம் "காணாமற்போன பத்துக் கோத்திரம்" என்ற பேச்சுக்கும் நாளாகமம் முழுதாக ஒத்துப்போவதில்லை. சமாரியா விழுந்த காலத்தை ஒட்டி எசேக்கியா பஸ்காவுக்கு ஆள் அனுப்பியபோது பலர் கேலி செய்தார்கள். ஆனால் ஆசேர், மனாசே, செபுலோனில் சிலர் தாழ்மையோடு எருசலேமுக்கு வந்தார்கள் (2 நாளாகமம் 30:10-11). 1 நாளாகமம் 9:3-இல் எருசலேமில் குடியிருந்தவர்கள் யூதா, பென்யமீன், அதோடு எப்பிராயீம், மனாசே. வடக்கின் பெயர்கள்.

படி 7: இல்லாத பெயர்களையும் குறியுங்கள்

2:1-2-இல் யாக்கோபின் பன்னிரண்டு பிள்ளைகளும் வரிசையாக வருகிறார்கள். ஆனால் பின்வரும் அதிகாரங்களில் தாணுக்கும் செபுலோனுக்கும் தனிப் பட்டியல் இல்லை. நப்தலிக்கு ஒரே வசனம் (7:13). 7:12-இல் வரும் ஊசிம் என்ற பெயரை வைத்து, அது தாணின் பட்டியலில் மிஞ்சிய துண்டு என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. வடக்கு அழிந்தபோது ஏடுகளும் அழிந்திருக்கலாம். எப்படியிருந்தாலும் 12-ஆம் அதிகாரத்தில் எப்ரோனுக்கு தாவீதிடம் வந்தவர்களில் செபுலோனில் 50,000 பேரும் தாணில் 28,600 பேரும் நிற்கிறார்கள். எசேக்கியேல் 48-இல் நிலம் பங்கிடும்போது முதல் பங்கு தாணுக்கு. வெளிப்படுத்தல் 7-இல் முத்திரையிடப்பட்ட பன்னிரண்டு கோத்திரத்தில் தாண் இல்லை. இதை வைத்துப் பெரிய கோட்டை கட்டியவர்கள் இருக்கிறார்கள். என் நோட்டில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

படி 8: எகொனியாவிடம் ஒரு நாள் முழுதும் செலவழியுங்கள்

எரேமியா 22:24-30-ஐ முதலில் வாசியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதாவின் ராஜா எகொனியா என் வலதுகையின் முத்திரை மோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிந்துபோடுவேன் என்கிறார் கர்த்தர். இந்த மனிதனைச் சந்தானமற்றவன் என்று எழுதுங்கள் என்றும் சொல்கிறார். எழுதச் சொன்னதைக் கவனியுங்கள். பிறகு 1 நாளாகமம் 3:17-24-ஐத் திறங்கள். அதே எகொனியாவின் பிள்ளைகள், பேரன் செருபாபேல், அதற்கும் அப்பால் பல தலைமுறை எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாவதாக ஆகாய் 2:23: செருபாபேலே, உன்னை முத்திரை மோதிரமாக வைப்பேன். கழற்றி எறிந்த அதே மோதிரம்.

எரேமியா சொன்னது பொய்யாகிவிட்டதா? இல்லை. எகொனியாவின் சந்ததியில் ஒருவனும் தாவீதின் சிங்காசனத்தில் உட்கார்ந்து யூதாவை ஆளவில்லை. செருபாபேல் பெர்சியருக்குக் கீழே தேசாதிபதி மட்டுமே. தீர்ப்பும் நின்றது, வீடும் நின்றது.

பாபிலோனிலேயே இதற்கு ஒரு எழுத்துச் சாட்சி இருந்தது. அங்கே கிடைத்த களிமண் பலகைகள் 1939-இல் வெளியிடப்பட்டன. அரண்மனைச் சேமிப்பிலிருந்து எண்ணெய் அளந்துகொடுத்த கணக்கு. அதில் யூதாவின் ராஜா யாவுகீன் என்று எகொனியாவின் பெயரும், அவனுடைய ஐந்து மகன்களும் இருக்கிறார்கள். ஒரு பலகையின் காலம் கி.மு. 592. சிறைப்பிடித்தவர்களே பிள்ளைகளை எண்ணி எண்ணெய் கொடுத்திருக்கிறார்கள்.

இதன்பின் மத்தேயு 1-க்குப் போனால் எகொனியாவும் செருபாபேலும் பழகிய முகங்களாக இருப்பார்கள். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று மத்தேயு பெண்களைச் சேர்த்தது புதுமை இல்லை, நாளாகமத்தின் பழக்கம்தான் என்பதும் புரியும். மூன்று பதினான்கு தலைமுறை என்று அவர் அடுக்குவதற்காக அகசியா, யோவாஸ், அமத்சியா ஆகிய மூன்று ராஜாக்கள் விடுபட்டிருப்பதையும் 1 நாளாகமம் 3:11-12-ஐ வைத்து நீங்களே கண்டுபிடிக்கலாம்.

படி 9: ஒரு சின்னக் கோத்திரத்தை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடிக்க முயன்றால் அலுத்துவிடும். ஒரு கோத்திரத்தை மட்டும் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல்வரை தொடர்ந்து போங்கள். நான் ஆசேரை எடுத்தேன். பழைய ஏற்பாட்டில் பெரிய ராஜாவோ தீர்க்கதரிசியோ வராத கோத்திரம். ஆனால் ஆசேருக்கு ஒரு மகள் இருந்தாள், எபிரேயத்தில் செராக். தமிழில் இடத்துக்கு இடம் எழுத்து மாறித் தெரிந்தால் குழம்பவேண்டாம். ஆதியாகமம் 46, எண்ணாகமம் 26, 1 நாளாகமம் 7:30 என்று மூன்று பட்டியலிலும், ஆண்கள் பெயராக நிரம்பி வழியும் இடத்தில், அவள் பெயர் விடாமல் வருகிறது. என்ன செய்தாள், யாரைக் கட்டினாள், எதுவும் கிடையாது. பெயர் மட்டும்.

பழைய ஏற்பாடு முடிகிறது. அசீரியர், பாபிலோனியர், பெர்சியர், கிரேக்கர், ரோமர் எல்லாரும் வந்து போகிறார்கள். லூக்கா 2:36-இல் எருசலேம் தேவாலயத்தில் ஒரு கிழவி, இராப்பகலாய் உபவாசித்து ஜெபம்பண்ணிக்கொண்டிருந்த விதவை, குழந்தை இயேசுவைக் கண்டு கர்த்தரைப் புகழ்கிறாள். பெயர் அன்னாள், பானுவேலின் மகள் என்று எழுதிவிட்டு, லூக்கா அவள் கோத்திரத்தையும் கேட்டு எழுதியிருக்கிறார்: ஆசேர்.